ஜெர்மனி வந்த நம்ம பக்கத்து ஆட்களுக்கு: துப்பாக்கிக்கு முன்னால் கிளப்

காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் போன மாதம் இப்படிக் கேட்டிருந்தார்: "அண்ணா, ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கு வந்து ஏழு மாசம் ஆச்சு. ஒரு நைன் எம்.எம். பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். வாங்கினதுக்கு அப்புறம் எந்த கிளப்புல சேர்ந்தா நல்லது?" நான் அப்போது லீவில் பாலக்கோட்டில் இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்தபடி இரண்டு வரி பதில் போட்டேன். அது போதவில்லை என்று தருமபுரி, ஊத்தங்கரை, ஓசூர் என்று நாலைந்து பேர் தனியாக எழுதிக் கேட்டுவிட்டார்கள். அதனால் இப்போது விரிவாக.

தம்பி கேள்வியைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறார். ஜெர்மனியில் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு கிளப் தேட முடியாது. முதலில் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர வேண்டும், குறைந்தது 12 மாதம் ஒழுங்காகப் போய்ச் சுட வேண்டும். ஒழுங்காக என்றால் மாதம் ஒரு முறையாவது, இல்லை விட்டுவிட்டுப் போகிறவர் என்றால் வருடத்தில் 18 முறை. ஒவ்வொரு முறையும் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் "இந்த ஆளுக்கு இந்தத் துப்பாக்கி தேவை" என்று உங்கள் கிளப் சேர்ந்திருக்கும் சம்மேளனம் சான்று கொடுக்கும். அந்தத் தேவைக்குப் பெயர் பெடுர்ஃப்னிஸ். நம்ம ஊரில் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் கேட்கும்போது பயிர்க் காவல், உயிருக்கு ஆபத்து என்று காரணம் எழுதுகிறோம் இல்லையா, அந்தக் கட்டத்தில் இங்கே நீங்கள் எழுதப்போவது விளையாட்டு. தற்காப்பு என்று எழுதினால் நம்மைப் போன்ற சாதாரண ஆளுக்குக் கிடைக்காது.

சரி, இதன் அர்த்தம் என்ன? எந்த கிளப்பில் சேர்கிறீர்கள் என்பதுதான் ஒன்றரை வருடம் கழித்து உங்கள் கையில் எந்தத் துப்பாக்கி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பலரும் கார் பார்க்கிங் வசதியைப் பார்த்து கிளப்பில் சேர்ந்துவிட்டு, அப்புறம் "எங்க கிளப்புல நைன் எம்.எம்.முக்கு ரேஞ்சே (சுடும் தளமே) இல்லை" என்று தலையில் கை வைக்கிறார்கள்.

கிளப் விஷயத்துக்குப் போவதற்கு முன் ஒரு கசப்பான சேதி. ஜெர்மனியில் குறைந்தது ஐந்து வருடமாக வசித்து வராத ஆளுக்கு ஆயுத உரிம அட்டையை மறுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. மறுத்தே தீர வேண்டும் என்று இல்லை, மறுக்கலாம், அவ்வளவுதான். முடிவு அந்தந்த மாவட்ட அலுவலகத்தின் கையில். கிராமப்புறம் என்றால் லான்ட்ராட்ஸ்ஆம்ட், கிட்டத்தட்ட நம்ம கலெக்டர் ஆபீஸ். பெரிய நகரம் என்றால் நகராட்சியிலேயே தனிப் பிரிவு. துப்பாக்கியை மனதில் வைத்துத்தான் கிளப்புக்குப் பணம் கட்டப்போகிறீர்கள் என்றால், முதலில் அந்த அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, வந்து ஏழு மாதம் ஆன இந்தியக் குடிமகனுக்கு அவர்களுடைய வழக்கம் என்ன என்று கேளுங்கள். ஊருக்கு வரும்போது பாஸ்போர்ட் அலுவலகத்தில் காவல்துறை நன்னடத்தைச் சான்று ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுக்க உதவும். விளையாட்டுக்காகக் கேட்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், .22 போன்ற சின்ன வகைக்கு மட்டும் 18. முதல் முறை கேட்கும்போது 25 வயது நிரம்பவில்லை என்றால், அந்தச் சின்ன வகை தவிர மற்றதற்கு மனநலப் பரிசோதனை அறிக்கையும் சேர்த்து வைக்க வேண்டும். எர்ஃபுர்ட் பள்ளியில் 2002 ஏப்ரலில் நடந்த படுகொலைக்குப் பிறகு வந்த விதி அது. சுட்டவன் ஒரு கிளப் உறுப்பினர்.

அப்படியானால் ஐந்து வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? தேவையே இல்லை. கிளப்பில் சேர அந்த ஐந்து வருடக் கணக்கு கிடையாது. 18 வயதானவர் ரேஞ்சுக்குள், மேற்பார்வையாளர் இருக்கும்போது, கிளப் துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். காற்றுத் துப்பாக்கி என்றால் இன்னும் சுலபம். ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து பொறித்த, குண்டின் ஆற்றல் 7.5 ஜூலுக்கு மேல் போகாத காற்றுப் பிஸ்டலை 18 வயதானவர் கடையில் நேராகவே வாங்கலாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டரில் சுடுகிறார்களே, அதே வகை. அதற்காக அதை இடுப்பில் செருகிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வெளியே எடுத்துப் போனால் பூட்டிய பெட்டியில்தான்.

நம்ம பக்கத்து ஆட்களுக்குத் துப்பாக்கி என்றால் மனசில் வருவதே வேறு. நான் கிளப்பில் சேர்ந்ததை அம்மாவிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "எதுக்குடா, யாரோட சண்டை?" என்பதுதான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்களுக்கு அடுத்த பாப்பாரப்பட்டிப் பக்கம் 2004 அக்டோபர் 18 ராத்திரி வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது. அதற்கு முன்னால் பல வருடம் பென்னாகரம், ஒகேனக்கல் ரோட்டில் அதிரடிப்படை ஜீப் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையோரம் வேறு கதை. ராகி முற்றும் நேரத்தில் யானையும் காட்டுப்பன்றியும் கொல்லைக்கு இறங்கும், பரண் மேல் காவல் இருப்பார்கள், சில வீடுகளில் நாட்டுத் துப்பாக்கியும் இருக்கும். லைசென்ஸ் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ளது ஸ்டேஷனுக்குப் போய்விடும். இல்லாதது எங்கே போகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆக நமக்குத் துப்பாக்கி என்பது ஒன்று பயம், இல்லையென்றால் கெத்து. இந்த இரண்டையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தால்தான் இங்கே கிளப்பில் மரியாதையாக நடத்துவார்கள். முதல் நாளே "எத்தனை தூரம் பாயும், ஆளைக் கொல்லுமா" என்று கேட்பவரை அவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் கேட்டேன், பார்த்தார்கள்.

இவர்களுக்கு இது ஊர்த் திருவிழாவோடு சேர்ந்த சமாச்சாரம். ஜெர்மன் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம் 1861இல் கோத்தா நகரத்தில் தொடங்கியது. அதற்கும் பல நூறு வருடம் முந்திய கிளப்புகள் இருக்கின்றன, ஊர்க்காவலுக்காக நகரத்தார் சேர்த்த கூட்டங்களின் வாரிசுகள். 2015இல் இந்த மரபை நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தார்கள். கிராமத்தில் ஷுட்ஸன்ஃபெரைன் என்று போர்டு பார்ப்பீர்கள், அதுதான். வருடம் ஒரு முறை விழா, பேண்டு வாத்தியம், ஊர்வலம், கம்பத்தின் மேல் மரப்பறவை. அதைக் கடைசியாகச் சுட்டு வீழ்த்துகிறவர் அந்த வருட ராஜா. நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் முதல் பரிசு வாங்கின மாட்டுக்காரர் ஒரு வாரம் தெருவில் எப்படி நடப்பார்? அதே நடை இவர்களுக்கு ஒரு வருடம் முழுக்க. ராஜா ஆனால் ஊருக்கே பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதால் சிலர் கடைசிச் சுற்றில் வேண்டுமென்றே தவறவிடுவார்கள் என்று எங்கள் கிளப் பெரியவர் ஒருவர் சொல்வார். உண்மையோ கதையோ.

இப்போது தேர்வு செய்வதற்கு வருகிறேன். மொத்தத்தில் மூன்று வகை இடங்கள் கண்ணில் படும். கிராமத்து ஷுட்ஸன்ஃபெரைன் பெரும்பாலும் அந்தப் பழைய சம்மேளனத்தைச் சேர்ந்தது. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி கண்டிப்பாக இருக்கும், பல இடங்களில் 25 மீட்டர் பிஸ்டல் ரேஞ்சும் இருக்கும். சந்தா குறைவு, பொறுமை அதிகம், வயசானவர்கள் அதிகம். அடுத்தது பே.டே.எஸ்., பே.டே.எம்.பே. போன்ற சம்மேளனங்களைச் சேர்ந்த கிளப்புகள். பெரிய குழல் விட்டம், ஓடிக்கொண்டே சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டி எல்லாம் இந்தப் பக்கம். ஐ.பி.எஸ்.சி.யில் இறங்கத் தனியாக ஒரு பாதுகாப்புத் தேர்வு எழுதிச் சுட்டுக் காட்ட வேண்டும். மூன்றாவது, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் வணிக ரேஞ்ச். பளபளப்பாக இருக்கும், காபி நன்றாக இருக்கும். ஆனால் அது கிளப் அல்ல. அங்கே எத்தனை வருடம் சுட்டாலும் அந்த இடம் உங்களுக்குத் தேவைச் சான்று வாங்கித் தராது. அந்தக் கட்டடத்தையே வாடகைக்கு எடுத்துப் பயிற்சி நடத்தும் பதிவு பெற்ற கிளப்புகள் இருக்கும். சேரும்போது பெயருக்குப் பின்னால் "ஏ.ஃபாவ்." (e.V.) என்று பதிவுக் குறி இருக்கிறதா, எந்தச் சம்மேளனம், அது அரசு அங்கீகரித்ததா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள். நாலு பேர் கேட்கும் கேள்விதான் அது.

சம்மேளனம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டி விதிப்புத்தகம் உண்டு. நீங்கள் வாங்க விரும்பும் துப்பாக்கி அந்தப் புத்தகத்தில் உள்ள ஏதாவது ஒரு போட்டிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். குழல் நீளம், எடை, ட்ரிகரை இழுக்க வேண்டிய கனம் என்று எல்லாம் எழுதியிருக்கும். பாக்கெட்டில் வைக்கும் குட்டித் துப்பாக்கி அழகாக இருக்கிறது என்று ஆசைப்பட்டால், எந்தப் போட்டி என்று கேட்பார்கள், பதில் இருக்காது. அடிப்படை ஒதுக்கீட்டில் தோட்டா போடும் கைத்துப்பாக்கி இரண்டு. அதற்கு மேல் வேண்டும் என்றால் போட்டிகளில் கலந்துகொண்ட ஆதாரம் வேண்டும். ஆறு மாதத்துக்கு இரண்டு ஆயுதத்துக்கு மேல் வாங்கவும் முடியாது. ஆக முதல் இரண்டை யோசித்து எடுக்க வேண்டும்.

என் கருத்து கேட்டால் முதல் வருடம் .22 மட்டும் சுடுங்கள். தம்பிக்கு இது பிடிக்காது என்று தெரியும். நைன் எம்.எம்.மில் தொடங்குகிறவருக்கு ஒரு வியாதி வரும்: சத்தத்துக்கும் உதைக்கும் பயந்து, ட்ரிகரை இழுக்கும் முன்பே மணிக்கட்டு தானாகக் கீழே துள்ளும். குண்டு டார்கெட்டுக்குக் கீழே மண்ணில் போகும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடாது. நான் அதைக் கழற்ற எட்டு மாதம் காற்றுப் பிஸ்டலோடு உட்கார்ந்தேன். .22 தோட்டா விலையும் குறைவு, அதே காசுக்கு இரண்டு மூன்று மடங்கு சுடலாம். ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: ஒலிம்பிக் தரக் காற்றுப் பிஸ்டல் செய்யும் ஃபைன்வெர்க்பௌ நிறுவனம் ஸ்டுட்கார்டுக்குத் தெற்கே ஓபர்ன்டார்ஃபில்தான் இருக்கிறது. வால்தர் உல்மில். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு வேலை பார்த்த கைக்கு அந்த ட்ரிகரைத் தொட்டாலே மனசு நிறையும்.

இனி, ஒரு கிளப் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? சந்தூரில் மாங்கன்று வாங்கும்போது விவரம் தெரிந்தவர் இலையின் பச்சையைப் பார்க்க மாட்டார், ஒட்டுக் கட்டின இடத்தைத் தடவிப் பார்ப்பார். இங்கேயும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. அது மேற்பார்வையாளர் நிற்கும் இடம். ஔஃப்சிக்ட் என்பார்கள். பயிற்சி நடக்கும் மாலையில் போய், "நான் சுட வரவில்லை, ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் அந்த கிளப் வேண்டாம், அங்கேயே முடிந்தது. உட்காரச் சொன்னால், டார்கெட்டைப் பார்க்காதீர்கள், அந்த ஆளைப் பாருங்கள். அவர் கண் சுடுகிறவர்களின் கைமேல் இருக்கிறதா, போன்மேல் இருக்கிறதா? "ஷ்டாப்" என்று குரல் வந்ததும் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) வெளியே, ஸ்லைடு (பின்னால் நகரும் மேல்பகுதி) திறந்து, குழல் எதிர்ச் சுவரைப் பார்த்து, துப்பாக்கி மேஜையில். குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை காலி என்று காட்ட ஒரு கலர் நாடா செருகியிருப்பார்கள். யாராவது முன்னால் டார்கெட் மாற்றப் போயிருக்கும்போது மேஜைப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது, கையை வைப்பதை விடுங்கள். இது தானாக நடக்க வேண்டும், யாரும் கத்தாமல்.

இன்னும் ஒன்று பாருங்கள்: தப்பு செய்கிற பழைய உறுப்பினரை அவர் திருத்துகிறாரா? புதுசாக வந்தவனைத் திட்டுவது சுலபம். முப்பது வருட உறுப்பினர், கிளப்புக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர், அவர் கையில் குழல் பக்கவாட்டில் திரும்பும்போது வாய் திறக்கிறாரா என்பதில் தெரிந்துவிடும்.

நான் முதலில் சேர்ந்த இடத்தில் இதைப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடம், இங்கிலீஷ் பேசினார்கள், அதில் மயங்கிவிட்டேன். மூன்றாவது வாரம் எனக்குப் பக்கத்து மேடையில் ஒருவருக்குத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அவர் அதைக் கையில் வைத்தபடியே மேற்பார்வையாளரைக் கூப்பிடத் திரும்பினார். குழலும் கூடவே திரும்பியது, விரல் ட்ரிகர்மேல். ஒரு நொடி என் வயிற்றுக்கு நேராக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. மேற்பார்வையாளர் வந்து சிக்கலை எடுத்துக் கொடுத்து, சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த வாரம் விலகல் கடிதம் கொடுத்தேன். வருட சந்தா திரும்ப வரவில்லை, போகட்டும். இப்போது இருக்கும் கிளப்புக்கு 25 நிமிடம் கார் ஓட்ட வேண்டும், பேசுவது முழுக்க ஸ்வாபிய வட்டார வழக்கு, முதல் ஆறு மாதம் பாதி புரியவில்லை. இதே போல் ஒருவர் அங்கே திரும்பினார். அன்றைக்கு ரேஞ்சையே மூடிவிட்டு எல்லோரையும் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார்கள்.

பாஷை பற்றிக் கேட்டவர்களுக்கு: ரேஞ்ச் கட்டளைகள் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான், முதல் நாளே பாடம் பண்ணிவிடலாம். உரிமத்துக்கான ஸாக்குண்டெ தேர்வு அப்படி இல்லை. சட்டம், ஆயுத வகை, பாதுகாப்பு என்று எழுத்துத் தேர்வும் செய்முறையும் ஜெர்மனில் நடக்கும். கேள்வித் தொகுப்பு அரசு வெளியிட்டதுதான், முன்னாலேயே எடுத்துப் படிக்கலாம். பி1 அளவுக்காவது ஜெர்மன் இல்லாமல் அதில் உட்காருவது காசுக்குக் கேடு. கிராமத்து கிளப்பின் பெரிய லாபமே இதுதான் என்பேன். வாரம் ஒரு மாலை பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினால், மொழி வகுப்பில் வராதது வந்துவிடும்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய சில்லறை விஷயங்கள். வருடத்துக்கு இத்தனை மணி நேரம் கிளப்புக்கு உழைக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. புல் வெட்டுவது, பெயின்ட் அடிப்பது, விழாவில் பரிமாறுவது. செய்யாவிட்டால் காசு. நான் முதல் வருடம் உருளைக்கிழங்கு சாலட் பரிமாறினேன், ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரிந்தது அன்றைக்குத்தான். கிளப் துப்பாக்கிகள் எத்தனை, புது ஆட்களுக்கு எந்த நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். இரண்டு .22 பிஸ்டலும் பதினைந்து புது உறுப்பினரும் இருந்தால் உங்கள் 18 முறை எப்போது முடியும்? இடது கைக்காரர் என்றால் பிடியைப் பற்றியும் கேளுங்கள். நன்னடத்தைப் பத்திரம் கேட்பார்கள், சோதனைக் காலம் இருக்கும், சில இடங்களில் காத்திருப்புப் பட்டியலே இருக்கும். சுட்டு முடித்த பிறகு பீர் குடிப்பது இங்கே சகஜம். சுடுவதற்கு முன் குடிப்பவர் ஒருவரைப் பார்த்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அரூர் அக்கா ஒருவர் வேறு கேள்வி கேட்டிருந்தார். அவர் கணவருக்கு எல்லாம் முடிந்து அட்டை கைக்கு வரப்போகிறது. வீட்டில் ஆறு வயதுப் பையன். "இரும்புப் பெட்டி எது வாங்கலாம்? என்னால் நிம்மதியாகத் தூங்க முடியுமா?" என்று எழுதியிருந்தார். அக்கா, பெட்டி முதலில், துப்பாக்கி பிறகு, அந்த வரிசை மாறவே கூடாது. 2017 ஜூலைக்குப் பிறகு புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஈ.என். 1143-1 தரத்தில் 0 படிநிலையாவது இருக்க வேண்டும். 200 கிலோவுக்குக் குறைவான பெட்டி என்றால் ஐந்து கைத்துப்பாக்கி வரை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் தரை தாங்குமா, சுவரில் போல்ட் போடலாமா என்று கேட்க வேண்டியிருக்கும். மாடி வீட்டுக்குத் தூக்கும் கூலியையும் கணக்கில் வையுங்கள். சாவி வைத்த பெட்டி வேண்டாம், எண் பூட்டுதான். சாவியையும் துப்பாக்கிப் பெட்டி அளவுக்கே உறுதியான இடத்தில் வைக்க வேண்டும் என்று மியுன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது, அலமாரித் துணிக்குள் ஒளித்து வைத்தால் செல்லாது. எண் அவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். உங்களிடம் தனி உரிமம் இல்லாதவரை உங்களுக்கும் தெரியக் கூடாது. பையன் பிறந்த தேதியை எண்ணாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமலே பார்க்க வருவார்கள்.

இந்தக் கறாருக்குக் காரணம் ஸ்டுட்கார்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2009 மார்ச் 11 அன்று வின்னெண்டன் ஊரில் தொடங்கி 17 வயதுப் பையன் ஒருவன் 15 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் இறந்தான். துப்பாக்கி அப்பாவுடையது. அப்பா கிளப் உறுப்பினர். மற்ற துப்பாக்கிகள் எல்லாம் பெட்டிக்குள் பூட்டியிருந்தன, அந்த ஒன்று மட்டும் படுக்கையறையில் வெளியே இருந்தது. அப்பாவுக்குத் தண்டனை கிடைத்தது. எங்கள் கிளப்பில் இதை யாரும் அடிக்கடி பேச மாட்டார்கள், ஆனால் புது ஆள் ஒவ்வொருவரிடமும் ஒரு முறை சொல்வார்கள்.

அக்காவுக்கு இன்னொன்று. ஈயம். தோட்டாப் புகையில், குறிப்பாக மூடிய ரேஞ்சில், ஈயத் தூசி இருக்கும். காற்று சுடுகிறவர் முதுகுப் பக்கமிருந்து முன்னோக்கி இழுக்கப்பட வேண்டும். ரேஞ்சுக்குள் புகை முகத்துக்கே வந்தால் அந்த கிளப்பின் காற்றோட்டம் சரியில்லை என்று அர்த்தம், இதையும் தேர்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுட்டதும் சாப்பிடுவதற்கு முன் கையும் முகமும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ரேஞ்சுக்குப் போகும் செருப்பு, சட்டை குழந்தை விளையாடும் அறைக்கு வரக் கூடாது. பையன் வளர்ந்து 12 வயது ஆனதும், நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால், அதே கிளப்பில் காற்றுத் துப்பாக்கி கற்றுக்கொள்ளலாம். இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கிளப்பில் பொதுவாக ஒழுங்கு கூடுதலாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

வேலை மாற்றி ஊர் மாறுகிறவர்கள் கவனிக்க: உரிம அட்டை வைத்திருப்பவர் கிளப்பை விட்டு விலகினால் கிளப் அதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். தேவை என்பதே கிளப்போடு கட்டியிருப்பதால், புது ஊரில் கிளப் சேர்ந்த பிறகு பழையதை விடுங்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு இறங்குவது போல. அட்டை கிடைத்த பிறகும் போகாமல் இருக்க முடியாது. ஐந்து வருடம், பத்து வருடம் கழிந்து தேவையைத் திரும்பப் பார்க்கும்போது, சுட்ட கணக்கைக் கேட்பார்கள்.

அமெரிக்காவில் எச்-1பியில் இருக்கும் என் மச்சான் இதைப் படித்துவிட்டு "இங்கே கடையில் நேராகவே கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறார். மச்சான், கடையில் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அங்கே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் வைத்திருப்பதில்தான் சேரும். நண்பர்கள் ரேஞ்சுக்குக் கூப்பிட்டால் முதலில் வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வந்தால் கதை வேறு.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை ஊருக்கு வரும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். நம்மில் பலர் பெங்களூரு விமானநிலையத்தில்தான் இறங்குகிறோம், ஏறுகிறோம். பையின் ஓரத் தையலில் ஒரே ஒரு உயிருள்ள தோட்டா மாட்டிக்கொண்டிருந்து ஸ்கேனரில் தெரிந்தால், 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்தது என்று பின்னால் நிரூபிக்கலாம், ஆனால் அன்றைக்கு விமானம் போய்விடும், அதற்கப்புறம் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் வாய்தாவுக்கு அலைய வேண்டும். இதற்கென்றே நான் ஒரு சிவப்புப் பை தனியாக வைத்திருக்கிறேன். திரும்பி வந்து செட்டில் ஆகும்போது பிஸ்டலைக் கூடவே கொண்டுவரலாமா என்று கேட்ட ஊத்தங்கரை நண்பருக்கு: நைன் எம்.எம். நம்ம நாட்டில் தனியாருக்குத் தடை செய்த வகை. இங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.

நேற்று காவேரிப்பட்டணத்துத் தம்பி மறுபடி எழுதினார். வீட்டிலிருந்து இரண்டு ஊர் தள்ளி ஒரு கிளப், வியாழக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு மணி நேரம் பின்னால் உட்காரவும் சம்மதம், கடைசியில் .22ம் கொடுத்துப் பார்க்கிறார்களாம். என்ன போட்டுக்கொண்டு போவது என்று கேட்கிறார். சாதாரண ஷூ, மிலிட்டரி டிசைன் சட்டை வேண்டாம், காதுக்கும் கண்ணுக்கும் அவர்களே கொடுப்பார்கள். கழுத்து மூடிய டிஷர்ட் போடுங்கள் தம்பி. பக்கத்து மேடையிலிருந்து தெறிக்கும் காலித் தோட்டா சுடச்சுட இருக்கும். பட்டன் திறந்த காலருக்குள் விழுந்தால் துள்ளுவீர்கள், அப்போது உங்கள் கையில் துப்பாக்கி இருக்கும். அப்படியே விழுந்துவிட்டாலும், முதலில் துப்பாக்கியை மேஜையில் வையுங்கள், அப்புறம் சட்டையை உதறுங்கள்.